அவன் உடலைக் கழுவியவன் நான்

நான் அவனை முதலில் பார்த்தது முதுகுப் பக்கமாகத்தான். தோட்டத்து ஆஸ்பத்திரி பெஞ்சில் குப்புறப் படுத்திருந்தான். தோளிலிருந்து இடுப்புவரை பிரம்படி. அடி விழுந்து மூன்று நாளாகியிருந்தது. சட்டை புண்ணோடு ஒட்டிக் காய்ந்துபோயிருந்தது. வெந்நீர் ஊற்றி ஊறவைத்து மெல்ல உரித்தபோது உள்ளே புழு நெளிந்தது. எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி வந்து, டிரசர் வேலை பழகி, சுங்கை சிப்புட்டுக்கு அப்பால் இருந்த அந்த ரப்பர் தோட்டத்தில் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வாசலுக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்துவிட்டு வந்தேன்.

அவன் கழுத்தைத் திருப்பிப் பார்த்தான்.

"முடியலேன்னா விடுங்கய்யா. நாளைக்கு வாரேன்."

அதில் நக்கல் இல்லை. எனக்காக இரக்கப்பட்டுத்தான் சொன்னான்.

டிரசர் என்றால் அந்தக் காலத்தில் பாதி வைத்தியன். டாக்டர் மாதத்துக்கு ஒருமுறை மோட்டாரில் வந்து எட்டிப் பார்ப்பார். மற்ற நாட்களில் காய்ச்சலுக்குக் கொயினா கொடுப்பதிலிருந்து செத்தவனுக்குச் சீட்டு எழுதுவதுவரை எல்லாம் நான்தான்.

இருபதுகளின் தொடக்கம் அது. ரப்பர் விலை விழுந்து கிடந்தது. தோட்டத்துக் கடையில் போட்ட அரிசி மக்கிப்போன அரிசி. களைந்தால் தண்ணீர் சாம்பல் நிறமாகும், வண்டு மிதக்கும். எனக்குத் தனி அரிசி வந்ததால் நான் அதைச் சாப்பிட்டதில்லை. கூலிகளின் லயத்து வரிசை வீடுகளில் வேகும்போது வரும் வாசனையை மட்டும் அறிவேன். ஒருநாள் விடியற்காலைப் பெரட்டில், அதாவது ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடும் இடத்தில், அவன் தன் பங்கு அரிசியைத் துரையின் காலடியில் கொட்டி, "இதத் தொர தின்னுவாரா, கேட்டுச் சொல்லுங்க" என்று கங்காணியிடம் கேட்டிருக்கிறான். அதற்குத்தான் அந்த அடி. அடித்தவர் கங்காணி. அவனைச் சேலத்துப் பக்கமிருந்து ஆசை காட்டிக் கூட்டிவந்தவரும் அவரே.

மத்தியானம் துரை ஆஸ்பத்திரிக்கு வந்தார். அவருக்குத் தோட்டத்துத் தமிழ் நன்றாக வரும். மேசைமேல் இருந்த நோயாளிப் பதிவேட்டை விரலால் தட்டினார்.

"மரத்திலிருந்து விழுந்தான். அப்படி எழுது."

எழுதினேன். பேனாவில் மை தீர்ந்திருந்தது; திரும்ப மை தொட்டு எழுத்தைத் திருத்தமாக முடித்ததுகூட நினைவிருக்கிறது.

புண் ஆறப் பதினைந்து நாள் பிடித்தது. தினமும் வந்தான். கட்டுத் துணியைத் தானே துவைத்துக் காயவைத்து மடித்துக் கொண்டுவருவான். ஆஸ்பத்திரிச் சமையல்காரரோடு சிரித்துப் பேசிக்கொண்டிருப்பான். அந்தச் சமையல்காரர் காது சரியாகக் கேட்காத, சாதுவான மனிதர். நோயாளிகளுக்குக் கஞ்சி காய்ச்சுவார். அவனுக்கும் ஒரு கிண்ணம் எடுத்துவைப்பார். அவன் மனைவி அப்போது ஏழு மாதம்.

புண் ஆறியதும் அவன் யாரிடமும் சொல்லாமல் ஈப்போவுக்கு நடந்தே போனான். அங்கே கூலிகளின் குறையைக் கேட்க ஓர் அதிகாரி இருப்பதாக யாரோ சொல்லியிருக்கிறார்கள். முதுகைத் திறந்து காட்டியிருக்கிறான். அதிகாரி தோட்டத்துக்குக் கடிதம் எழுதினார். தோட்டத்திலிருந்து என் பதிவேட்டின் பிரதி போயிற்று. அனுமதியில்லாமல் தோட்டத்தை விட்டுப் போன குற்றத்துக்காக அவனை ஒரு மாதம் உள்ளே போட்டார்கள்.

அந்த மாதத்தில் கங்காணி அவன் மனைவியை லயத்து வீட்டிலிருந்து இறக்கிவிட்டார். அவள் மாட்டுக் கொட்டகையில் பிள்ளை பெற்றாள். தோட்டத்து மருத்துவச்சி போய்ப் பார்த்தாள். ஏழாம் நாள் குழந்தைக்கு வாய் இறுகிக்கொண்டது. என்னிடம் தூக்கிவந்தார்கள். உடம்பு வில்லாக வளைந்திருந்தது. கொப்பூழில் சாணி. இசிவு நோய்; செய்வதற்கு என்னிடம் ஒன்றுமில்லை. அன்றிரவே இறந்தது. பதிவேட்டில் "காய்ச்சல்" என்று எழுதினேன். அதை யாரும் எழுதச் சொல்லவில்லை. அதற்குள் நானே பழகிவிட்டேன்.

அவன் திரும்பி வந்ததும் நேராக என்னிடம்தான் வந்தான்.

"என்ன எழுதுனீங்கய்யா?"

நான் பதிவேட்டை மூடினேன்.

"எனக்கு இங்கிலீசு தெரியாது. அங்க ஒருத்தரு படிச்சுச் சொன்னாரு. மரத்துலேருந்து விழுந்தேனாம்." வெளியே நின்ற ரப்பர் மரங்களைக் காட்டினான். "கித்தா மரத்துல எவன்யா ஏறுவான்?"

அவன் என்னை அடித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். திண்டில் மடித்துவைத்திருந்த கட்டுத் துணி ஒன்றை எடுத்து மறுபடி வைத்துவிட்டுப் போனான்.

ஐந்தாறு நாள் கழித்துப் பெரட்டில் கங்காணியை வெட்டினான். நீளமான பாராங் கத்தி. ஒரே வெட்டில் முடிந்திருந்தால் ஆத்திரம் என்று சொல்லலாம். என்னைக் கூப்பிட்டுக்கொண்டு போனபோது கங்காணியின் விரல்களைச் செம்மண்ணில் தேடிப் பொறுக்கவேண்டியிருந்தது. நூறு பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சில முகங்களில் சிரிப்பு. எனக்குள்ளும் ஏதோ ஒன்று இனித்தது. அதை மறைக்க நான் மும்முரமாகப் பிணத்தைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தேன். அவனோடு ஆறு பேர் பின்மலைக் காட்டுக்குள் போனார்கள். நாலு நாள் கழித்து அவன் மனைவியும் போனாள்.

அதன்பிறகு வந்த ஒரு வருஷம் அவனுடைய வருஷம். சின்னத் துரையின் பங்களாவில் புகுந்து வேட்டைத் துப்பாக்கி இரண்டை எடுத்தார்கள். புகைக்கூடத்துக்குத் தீ வைத்தார்கள். ரப்பர் எரிந்த கரும்புகை இரண்டு நாள் லயங்களின் மேல் படிந்து கிடந்தது. கடையை உடைத்து நல்ல அரிசியை லயத்து வாசல்களில் கொட்டிவிட்டுப் போனார்கள். ஆற்றுப் பாலத்துக் காவல் சாவடியைத் தாக்கி மாத்தாக்கள் இருவரைச் சுட்டுக் கொன்று ரைபிள்களைப் பிடுங்கினார்கள். போலீஸ்காரர்களை நாங்கள் மாத்தா என்றுதான் சொல்வோம். மலைக்கும் ஆற்றுக்கும் நடுவில் இனித் துரையும் கிடையாது, கங்காணியும் கிடையாது என்று அவன் ஆள் அனுப்பிச் சொன்னான். பால் வெட்டக்கூடாது என்றான். பத்து நாள் ஒருவரும் மரத்தில் கத்தி வைக்கவில்லை. மற்றத் தோட்டங்களிலிருந்தும் ஆட்கள் போய்ச் சேர்ந்தார்கள். பெண்கள் அவன் பேருக்குச் சூடம் கொளுத்தினார்கள். 'தலைவர்' என்றார்கள். மாத்தாக்கள் வந்து லயங்களைக் கொளுத்தி, ஆண்களை மண்டியிடவைத்து அடித்தார்கள். அந்தப் புண்களுக்கும் நான்தான் மருந்து போட்டேன். பதிவேட்டில் எல்லாரும் விழுந்தார்கள், வழுக்கினார்கள், மாடு முட்டிற்று.

பிறகு அது நாறத் தொடங்கியது. எந்த நாளில் என்று சொல்லமுடியாது. அரிசி கொடுத்தவர்கள் அரிசி கேட்டு வந்தார்கள். வீட்டுக்கு ஒரு பங்கு, கோழி இருந்தால் கோழி, கருவாடு, புகையிலை. மாத்தா எரித்த வீட்டிலும் பங்கு கேட்டார்கள். கொடுக்காதவன் காட்டிக்கொடுப்பவன். அவனோடு இருந்தவர்களில் இரண்டு பேர் லயத்துப் பெண் ஒருத்தியை இழுத்துக்கொண்டு போனார்கள். அவளுடைய அப்பா முறையிட ஆள் அனுப்பியபோது, "போராட்டத்துல இதெல்லாம் வரும்" என்று அவன் சொன்னதாகப் பதில் வந்தது. அவள் திரும்பி வரவில்லை.

ஒரு காலையில் கஞ்சி வரவில்லை. சமையல்காரரைத் தேடிப் போன நோயாளி ஒருவன் அலறிக்கொண்டு ஓடிவந்தான். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் நாலாவது வரிசை மரத்தில் அவரைக் கட்டியிருந்தார்கள். வாயைத் திறந்து ரப்பர் பாலை ஊற்றி, அது உறைய ஆசிட்டும் ஊற்றியிருந்தார்கள். வாயும் தொண்டையும் மூக்கும் நிறைந்து வெள்ளையாக இறுகிக் கிடந்தது. மரத்தில் ஒட்டிய காகிதத்தில் 'துரோகி' என்று எழுதியிருந்தது. முந்தின வாரம் மாத்தாக்கள் அவரை நிறுத்தி வைத்து ஏதோ கேட்டதை எல்லோரும் பார்த்திருந்தார்கள். அவருக்குப் பாதி காதில் விழுந்திருக்காது. எல்லாவற்றுக்கும் தலையாட்டுவது அவர் வழக்கம்.

அப்படியே புதைக்க எனக்கு மனம் வரவில்லை. இடுக்கியால் பிடித்து இழுத்தேன். உறைந்த ரப்பர் அவர் வாயின் வடிவத்தில், பல்லின் அச்சோடு, ஒரே துண்டாக வந்தது. அதை வாளியில் போட்டேன். அது துள்ளியது. அந்தச் சத்தத்துக்குப் பிறகு நான் பால் கலந்த எதையும் பல மாதம் தொடவில்லை.

மழைக்காலத்தில் ஒரு மத்தியானம் அவன் மனைவி ஆஸ்பத்திரிப் பின்வாசலில் வந்து நின்றாள். எலும்பும் தோலுமாக இருந்தாள். தலை சிக்குப் பிடித்திருந்தது.

"ஐயா, மருந்துப் பொட்டிய எடுத்துக்கிட்டு வாங்க. அவருக்குத் தொடையில குண்டு பட்டிருச்சு. எட்டு நாளாச்சு."

"நான் வராட்டி?"

"வரலேன்னா தூக்கிட்டு வரச் சொன்னாரு. ரெண்டு பேரு ஆத்துக்கிட்ட நிக்கிறாங்க."

போனேன். தோட்டத்தைத் தாண்டி, புதர்க்காட்டுக்குள் இரண்டு மணி நேர நடை. கைவிடப்பட்ட ஈயச் சுரங்கக் குட்டை ஒன்றின் கரையில் கீற்றுக் குடிசை. குடிசை கண்ணுக்குத் தெரியும் முன்பே வாடை வந்துவிட்டது. தொடை கறுத்து வீங்கி, அழுத்தினால் உள்ளே காற்று நொறுங்குவது விரலுக்குத் தெரிந்தது. வெளியே அவனுடைய ஆட்கள் ஏழெட்டுப் பேர் காட்டுக் கிழங்கைச் சுட்டுத் தின்றுகொண்டிருந்தார்கள். அவன் பக்கத்தில் கோழிக் குழம்புச் சட்டி. தின்ன முடியாமல் வைத்திருந்தான். வேறு யாரையும் தொடவும் விடவில்லை. ஈ மொய்த்தது.

"வாங்கய்யா. வாந்தி எடுக்காம பாருங்க," என்றான். சிரித்தான். பழைய சிரிப்புதான். அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது.

"காலை வெட்டவேணும். ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியிலதான் ஏலும். இல்லாட்டி நாலைஞ்சு நாள்தான்."

"அங்க போனா கழுத்த எடுப்பான். இங்கயே கெடக்கேன். கழுவி விடுங்க."

கழுவினேன். கத்தரித்தேன். அவன் பல்லைக் கடித்துக்கொண்டான், சத்தம் போடவில்லை. கை வேலையில் இருந்ததால் எனக்குக் கேட்கத் துணிவு வந்தது.

"சமையல்காரர் உனக்கு என்ன செய்தவர்?"

அவன் சட்டிமேல் மொய்த்த ஈயைக் கையால் விரட்டினான்.

"அவரு சொன்னாரா இல்லையான்னு எனக்குத் தெரியலய்யா."

"தெரியாமலா?"

"ஆனா அதுக்கப்புறம் எவனும் வாயத் தொறக்கல, பாத்தீங்கல்ல." பிறகு, பாடம் சொல்வதுபோல, "ஒரு ஆள வச்சு நூறு பேர அடக்கலாம். கங்காணிகிட்ட கத்துக்கிட்டது" என்றான்.

அவன் முதுகு எனக்குத் தெரியும். அந்த முதுகில் நான் புழு எடுத்திருக்கிறேன். அது இப்படிப் பேசக் கற்றுக்கொண்டதில் என் பங்கும் உண்டு. அது தெரிந்தும் அந்த நேரத்தில் நான் அவனை மனிதனாக நினைக்கவில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளிவிட வேண்டிய ஒன்றாகத்தான் நினைத்தேன்.

திரும்பும்போது அவன் மனைவி ஆறுவரை கூட வந்தாள். ஆட்கள் பின்தங்கியதும் முகத்தைத் திருப்பாமல் பேசினாள்.

"நாலு நாளுதானா?"

"அவ்வளவுதான்."

"அதுக்குள்ள தீத்துக்கட்ட ரெண்டு பேரு பேரச் சொல்லி வச்சிருக்காரு. மருத்துவச்சி. டவுனுக்குப் போனாளாம், மாத்தாகிட்டதான் போயிருப்பான்னு." கொஞ்ச தூரம் நடந்தாள். "அப்புறம் நீங்க. மருந்து முடிஞ்சதும்."

"நீ ஏன் எனக்குச் சொல்லுறாய்?"

"எம் புள்ளைய அந்தம்மாதான் கையில வாங்குனாங்க. நீங்க போயி அவங்களப் போகச் சொல்லுங்க. நான் லயத்துப் பக்கம் வர முடியாது."

சரி என்று தலையாட்டினேன்.

அன்று பின்னேரமே, மருந்து தீர்ந்துவிட்டது என்று துரையிடம் சொல்லி ஈப்போவுக்குப் புறப்பட்டேன். மாட்டு வண்டி மருத்துவச்சியின் வீட்டைக் கடந்துதான் போனது. அவள் வாசலில் உட்கார்ந்து முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிறுத்தினால், ஏன் எப்படித் தெரியும் என்று கேட்பாள். நான் காட்டுக்குப் போனது வெளியே வரும். வேலை போகும், உள்ளே போடுவார்கள். இவ்வளவும் எனக்கு அந்த ஒரு நொடியில் தோன்றியது. அவள் கையை ஆட்டினாள். நானும் ஆட்டினேன். ஈப்போவில் ஊர்க்காரர் ஒருவரின் வீட்டில் ஐந்து நாள் தங்கினேன். மூன்று வேளையும் நன்றாகச் சாப்பிட்டேன். தூக்கமும் வந்தது.

ஆறாம் நாள் தோட்டத்திலிருந்து ஆள் வந்து என்னைக் கூட்டிப் போனான். தலைவன் சண்டையில் சுடப்பட்டு இறந்துவிட்டான், உடலைக் கழுவி அடையாளம் சொல்ல வேண்டும் என்றான். மருத்துவச்சியைப் பற்றி நான் கேட்கவில்லை. அவளே ஆஸ்பத்திரி வாசலில் நின்று, "டிரசரய்யா, மெலிஞ்சிட்டீங்களே" என்றாள். அவள் பிழைத்தது என்னால் அல்ல. அவன் காலின் அழுகல் முந்திக்கொண்டது, அவ்வளவுதான். அவள் அதைக் கடைசிவரை அறியவில்லை. தீபாவளிக்கு எனக்கு முறுக்கு கொடுத்தனுப்பினாள்.

உடல் ஆஸ்பத்திரிப் பின்கட்டில் ஒரு கதவின் மேல் கிடந்தது. இரண்டு நாளாகியிருந்தது. நான் கட்டிய கட்டு அப்படியே இருந்தது. நெஞ்சில் மூன்று குண்டுத் துளை. துளைகளைக் கழுவியபோது தண்ணீர் சுத்தமாக வந்தது. சுற்றிலும் ரத்தக் கட்டில்லை, வீக்கமில்லை. மாவில் விரல் குத்தியதுபோல் இருந்தது. அவன் செத்த பிறகு சுட்டிருக்கிறார்கள். ஆட்கள் ஓடிப்போன குடிசையில் அழுகிச் செத்துக் கிடந்தவனைக் கண்டு, குறிபார்த்து மூன்று முறை சுட்டிருக்கிறார்கள்.

இன்ஸ்பெக்டர் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு நின்றார். நான் நிமிர்ந்து பார்த்தேன். நான் கண்டுகொண்டது அவருக்குத் தெரிந்துவிட்டது.

"சண்டையில் நெஞ்சில் பட்ட காயம். மூன்று," என்றார்.

எழுதினேன்.

உடலைப் பக்கத்துப் பட்டணத்துக்கு மாட்டு வண்டியில் கொண்டுபோய், போலீஸ் நிலைய வாசலில் கதவோடு சாய்த்து நிறுத்தினார்கள். விழாமலிருக்க அக்குளுக்குக் கீழே கயிறு. கெடாமலிருக்க ஊசி போடுவது என் பொறுப்பு. ஆகவே இரண்டு பகலும் அங்கேயே நின்றேன். தோட்டத்து ஜனங்களை வரிசையாக நடத்திக்கொண்டு வந்து காட்டினார்கள். அவன் பேருக்குச் சூடம் கொளுத்திய கைகளில் சிலது அவன் மேல் காறித் துப்பின. சிலர் காவலன் திரும்பியபோது அவன் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தின் நூலை உருவி மடியில் செருகினார்கள். பிள்ளைக்குத் தாயத்துக் கட்டவாம். இழுத்துப்போகப்பட்ட பெண்ணின் அப்பா வந்து நின்று, வெகுநேரம் பார்த்து நகர்ந்தார். எதிர்க்கடைக்காரர் பெஞ்சுகளை வெளியே இழுத்துப் போட்டார். ஜனங்கள் உட்கார்ந்து வடை தின்றுகொண்டே பார்த்தார்கள். துரை துப்பாக்கியை ஊன்றி, ஒரு காலை முன்னால் வைத்து, உடலுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார். முகத்தில் ஈ உட்கார்ந்ததால் படம் சரியாக வராது என்று என்னை விசிறச் சொன்னார்கள். விசிறினேன். அந்தப் படத்தில் ஓரமாக ஒரு கையும் விசிறியும் தெரியும். அது என் கை.

காட்டில் பிடிபட்ட அவன் மனைவியையும் கூட்டிவந்தார்கள். அவள் அழவில்லை. உடலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அந்தம்மாகிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன்," என்றேன்.

அவள் தலையசைத்தாள். நம்பினாள். அவளைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

எனக்கு நற்சான்று கிடைத்தது. அதை வைத்து அடுத்த வருஷமே தைப்பிங்கில் வேறொரு வேலை கிடைத்தது. அங்கே வருஷம் முழுக்க மழை. ஒரு சாயங்காலம் மழைக்கு ஒதுங்கிய கோப்பிக் கடையில், தோட்டத்திலிருந்து வந்த ஒரு லாரிக்காரர் கதை சொல்லிக்கொண்டிருந்தார். தலைவர் ஒற்றையாளாக நின்று இருபது மாத்தாக்களைச் சுட்டாராம். நெஞ்சில் மூன்று குண்டு வாங்கியும் விழவில்லையாம். கேட்டவர்களின் கண் மின்னியது.

அதுவரை யாரிடமும் பேசாதவன், என்னவோ அன்று வாய் திறந்தேன். குண்டு பட்டபோது அவன் ஏற்கெனவே பிணம் என்றேன். சமையல்காரரைச் சொன்னேன், வாயிலிருந்து எடுத்த ரப்பரைச் சொன்னேன். லாரிக்காரர் என் பக்கம் திரும்பினார்.

"ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"நான்தான் அவனைக் கழுவினனான். நான்தான் எழுதினனான்."

லாரிக்காரர் என் வெள்ளைச் சட்டையையும் காலில் இருந்த சப்பாத்தையும் பார்த்தார்.

"அப்ப அன்னிக்கு எழுதுனது பொய்யி. இன்னிக்குச் சொல்றத மட்டும் நாங்க எப்பிடிலா நம்புறது?" என்றார். "வெள்ளக்காரன் சோத்தத் தின்ன வாயி. அப்பிடித்தான் பேசும்."

பக்கத்தில் இருந்தவர் எழுந்து என் மேசையை விட்டு வேறு மேசைக்குப் போனார். லாரிக்காரர் சொன்னதில் எந்த இடத்தைப் பொய் என்று காட்டுவது? வைத்திருந்த கோப்பி ஆறி, மேலே ஆடை படிந்திருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டுக் குடை இல்லாமல் இறங்கி நடந்தேன். பின்னால் அவர் விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடர்ந்தார்.